பட்டாளத்தாரின் படமும் பதக்கங்களும்: இராமநாதபுரத்து ஸ்டூடியோ ஒன்றின் வேலை

இராமநாதபுரம் அரண்மனைப் பகுதியில், ஒரு மாடியில் இயங்கும் சிறிய ஸ்டூடியோவிடம் மூன்று வேலைகளை ஒப்படைத்திருந்தோம். காலமான எங்கள் அய்யாவின் (அப்பாவின் தந்தை) பழைய படத்தைச் சீரமைப்பது, அவருடைய போர்ப் பதக்கங்களைச் சட்டமிடுவது, முதலாம் ஆண்டு நினைவு நாளுக்கு ஒரு சிறு மலர் அச்சிடுவது ஆகியவை அவை. கடையின் பெயரைப் போட வேண்டாம் என்று உரிமையாளரே கேட்டுக்கொண்டார். இருவர் மட்டுமே வேலை பார்க்கும் இடம் என்பதால், இப்போது வரும் வேலையையே நேரத்துக்கு முடிக்க இயலவில்லை என்பது அவர் சொன்ன காரணம். அது உண்மைதான் என்பதைத் தாமதத்தைப் பற்றிச் சொல்லும்போது விளக்குகிறேன். ஆனாலும் பட்டாளத்தில் இருந்தவர்களின் படங்களையும் பதக்கங்களையும் வைத்திருக்கும் குடும்பங்கள் நம் கடற்கரையில் ஏராளமாக இருப்பதால், இத்தகைய வேலையில் எதைக் கவனித்துப் பார்க்க வேண்டும் என்பதையாவது எழுதி வைப்பது பயன்படும் என்று கருதுகிறேன்.

அய்யா தேவிபட்டினத்தை ஒட்டிய ஒரு கிராமத்தைச் சேர்ந்தவர். 1962ஆம் ஆண்டு சீனப் போருக்குப் பிறகு இராணுவம் பெரிய அளவில் ஆள் சேர்த்தபோது, 1963இல் பெங்களூருவிலுள்ள மதராஸ் பொறியாளர் பிரிவில், அதாவது மதராஸ் சாப்பர்ஸில், சேர்ந்தார். பயிற்சி முடிந்ததும் அங்கேயே ஒரு ஸ்டூடியோவில் சீருடையோடு எடுத்துத் தபாலில் அனுப்பிய கறுப்பு வெள்ளைப் படம்தான் எங்கள் வீட்டில் இருந்த ஒரே சீருடைப் படம். அது வடகடலைப் பார்த்த சுவரில் அரை நூற்றாண்டுக்கு மேல் தொங்கியது. ஐப்பசி, கார்த்திகையில் வீசும் வாடையின் ஈரமும் உப்பும் கண்ணாடிக்குள் புகுந்ததில், படத்தின் மேற்பூச்சு கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டது. ஓரங்களை இராமபாணப் பூச்சி அரித்திருந்தது. முகத்துக்கு மேல் பூஞ்சை புள்ளி புள்ளியாகப் படர்ந்திருந்தது. இடது தோள் இருந்த இடத்தில் வெறும் வெள்ளைத் தாள் தெரிந்தது.

இந்த ஸ்டூடியோவுக்குப் போகும் முன்னரே, வெளியூரில் கணினி வழியாகப் படங்களைப் புதுப்பித்துத் தரும் ஓரிடத்துக்குச் சித்தப்பா கைப்பேசியில் படம்பிடித்து அனுப்பியிருந்தார். மறுநாளே வண்ணப் படம் வந்துவிட்டது. அதில் இருந்தவர் எங்கள் அய்யா அல்லர். நிறம் வெளுத்திருந்தது, மீசை முறுக்கேறியிருந்தது, நெஞ்சில் எந்த நாட்டுடையது என்றே அறிய முடியாத பதக்கங்கள் வரிசையாகத் தொங்கின. எல்லாவற்றுக்கும் மேலாக, தொப்பியில் யானைச் சின்னம் இருந்தது. யானைச் சின்னம் மதராஸ் ரெஜிமெண்டுக்கு உரியது. அது நீலகிரி வெலிங்டனைத் தலைமையகமாகக் கொண்ட காலாட்படை. மதராஸ் சாப்பர்ஸ் பொறியாளர்களின் படை. பாலம் அமைப்பதும், பாதை போடுவதும், கண்ணிவெடிகளை அகற்றுவதும் அவர்கள் வேலை. இரண்டுக்கும் முன்னால் ‘மதராஸ்’ என்ற சொல் இருப்பதால் ஏற்பட்ட குழப்பமாக இருக்கலாம். ஆனால் ஆயுள் முழுவதும் தம்மை ‘சாப்பர்’ என்று மட்டுமே சொல்லிக்கொண்ட ஒருவருக்கு, வேறு படையின் சின்னத்தை மாட்டிய படத்துக்கு மாலை போடுவது எப்படி? அப்பத்தா அந்தப் படத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, “இது யாரு?” என்று கேட்டதோடு அந்த முயற்சி முடிந்தது.

இராமநாதபுரத்து ஸ்டூடியோவின் அணுகுமுறை முதல் சந்திப்பிலேயே வேறாக இருந்தது. உரிமையாளர் படத்தைக் கண்ணாடியிலிருந்து பிரிக்க முயலவில்லை. ஒட்டிப்போன மேற்பூச்சு ஜெலட்டினால் ஆனது என்பதால், இழுத்தால் உருவம் கண்ணாடியோடு போய்விடும் என்று விளக்கி, கண்ணாடி மீதே ஒளி பிரதிபலிக்காதபடி இரு பக்கமும் விளக்குகளைச் சாய்த்து வைத்துப் படம்பிடித்தார். அதன் பிறகு அவர் கேட்டவை எங்களுக்கு வியப்பாக இருந்தன. படையிலிருந்து விடுவித்தபோது கொடுத்த டிஸ்சார்ஜ் புத்தகம், பென்ஷன் ஆணை, அதே காலத்தில் எடுத்த வேறு எந்தப் படமாக இருந்தாலும் அது, இவையெல்லாம் வேண்டும் என்றார். அய்யாவின் கறுப்பு டிரங்குப் பெட்டியைத் திறந்து, பயிற்சி முகாமில் எடுத்த ஒரு குழுப் படத்தையும் டிஸ்சார்ஜ் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு போனோம். புத்தகத்தை அவர் பக்கம் பக்கமாகப் படித்துப் படை எண், பிரிவு, பெற்ற பதக்கங்கள் எல்லாவற்றையும் ஒரு தாளில் குறித்துக்கொண்டார். ஒரு சட்டக் கடைக்காரர் இவ்வளவு செய்வார் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

சீரமைப்பு வேலையைப் பற்றி விரிவாகச் சொல்லியாக வேண்டும், ஏனெனில் கடையின் தரம் அதில்தான் வெளிப்பட்டது. முகத்தில் இருந்த புள்ளிகளில் எது பூஞ்சை, எது அய்யாவுடையது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். வலது புருவத்துக்கு மேலே இருந்த ஒரு கீற்றை அழிக்கும் முன் கணினித் திரையைப் பெரிதாக்கி அப்பத்தாவிடம் காட்டி, “ஆத்தா, இது படத்துல பட்ட கீறலா, அவரு மேல பட்டதா?” என்று கேட்டார். சிறுவயதில் பனையிலிருந்து விழுந்ததில் ஏற்பட்ட தழும்பு என்று அப்பத்தா சொன்னதும் அதை அப்படியே விட்டுவிட்டார். இடது தோள் முழுவதும் உரிந்துபோயிருந்ததால், வலது தோளைப் பிரதியெடுத்துத் திருப்பிப் பொருத்துவதுதான் பொதுவாக எல்லோரும் செய்யும் வழி. அப்படிச் செய்தால் தோள்பட்டையிலுள்ள எழுத்துகளும் கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாறிவிடும் என்பதால், துணியின் மடிப்பை மட்டும் வலப்பக்கத்திலிருந்து எடுத்து, எழுத்துகளைக் குழுப் படத்தில் பக்கத்தில் நின்ற ஒருவரின் இடது தோளிலிருந்து எடுத்துப் பொருத்தினார். இந்த மாற்றங்களையெல்லாம் படத்தின் பின்பக்கத்தில் ஒட்டிய தாளில் நான்கு வரியில் எழுதியும் கொடுத்தார். எந்த இடம் பழையது, எந்த இடம் சேர்த்தது என்று நாளை எங்கள் பிள்ளைகள் தெரிந்துகொள்ள அது போதும்.

வண்ணம் சேர்க்கவில்லை. கேட்டால் செய்து தருகிறார்கள், அதற்குத் தனிக் கட்டணம். கறுப்பு வெள்ளையே போதும் என்பது எங்கள் முடிவு.

பதக்கங்களைப் பற்றித்தான் வீட்டுக்குள் வாக்குவாதம் எழுந்தது. அய்யா வாங்கிய பதக்கங்களைப் படத்திலேயே, சீருடையின் நெஞ்சிலேயே பொருத்த வேண்டும் என்பது சித்தப்பாவின் விருப்பம். கண்ணீர் அஞ்சலி பிளக்ஸில் எல்லோரும் அப்படித்தானே போடுகிறார்கள் என்பது அவர் வாதம். கடைக்காரர் ஒப்புக்கொள்ளவில்லை. “அண்ணே, இது பயிற்சி முடிஞ்ச அன்னைக்கு எடுத்த படம். அன்னைக்கு அய்யா நெஞ்சுல ஒண்ணுமே கிடையாது. இருபது வயசுப் பையன் நெஞ்சுல எழுபத்தொண்ணாம் வருசத்துப் பதக்கத்தை நான் எப்படிண்ணே வைக்கிறது?” என்று கேட்டார். பதக்கங்கள் உண்மையாகவே கையில் இருக்கும்போது அவற்றின் படம் எதற்கு, படத்துக்குக் கீழே உண்மையான பதக்கங்களையே வைத்துவிடலாம் என்றார். சித்தப்பாவுக்கு அப்போது மனம் ஒப்பவில்லை. வேலை முடிந்து வந்த பிறகு, வருகிறவர்களை அழைத்து அதைக் காட்டுவதே அவர்தான். வாடிக்கையாளர் கேட்டதைச் செய்து கொடுத்துக் காசு வாங்குவது எந்தக் கடைக்கும் எளிது. இந்தக் கடையை நான் மதிப்பதற்குக் காரணம், செய்யாமல் விட்ட வேலைகளே.

அய்யாவின் பெட்டியில் ஐந்து பதக்கங்கள் இருந்தன: 1965ஆம் ஆண்டுப் போருக்கான ரக்ஷா பதக்கம், 1971ஆம் ஆண்டுப் போரில் மேற்கு முனையில் பணியாற்றியவர்களுக்கு அளித்த பஷ்சிமி ஸ்டார் என்ற ஐந்து முனை நட்சத்திரம், அதே போர்க்காலத்துக்கான சங்கிராம் பதக்கம், சுதந்திர வெள்ளிவிழாப் பதக்கம், ஒன்பது ஆண்டு நீண்ட பணிப் பதக்கம். ஆண்டு வரிசைப்படி வைத்தால் 1965தான் முதலில் வர வேண்டும் என்று வீட்டில் எல்லோருமே நினைத்தோம். ஆனால் இராணுவ முறைப்படி நட்சத்திரம் முன்னால் வரும். அதன் பிறகு ரக்ஷா, சங்கிராம், வெள்ளிவிழா, நீண்ட பணி என்று தொடரும். முதலில் வருவது நெஞ்சின் நடுப்பக்கம், அதாவது பார்ப்பவருக்கு இடப்பக்கம் இருக்க வேண்டும். தமக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற சுபேதார் ஒருவரிடம் கேட்டு உறுதி செய்துகொண்ட பிறகே கடைக்காரர் வரிசையை அமைத்தார்.

பளபளப்பாக்குவதிலும் அவர் கை வைக்கவில்லை. புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்துப் பித்தளைக் குத்துவிளக்கு போல மின்னவைப்பதே நம் வீடுகளில் வழக்கம். அவ்வாறு தேய்த்துத் தேய்த்து விளிம்பில் பொறித்த படை எண்ணும் பெயரும் மழுங்கிப்போன பதக்கங்களைத் தாம் பார்த்திருப்பதாகச் சொன்னார். தூரிகையால் தூசியைத் தட்டி, காய்ந்த பருத்தித் துணியால் ஒற்றியெடுத்ததோடு நிறுத்திக்கொண்டார். உப்புக் காற்றில் படர்ந்த பச்சைக் களிம்பு ஓரிரு இடங்களில் இன்னும் இருக்கிறது. நாடாக்கள் இற்றுப்போயிருந்ததால் புதியவற்றை வரவழைத்து மாற்றினார். பழைய நாடாக்களை எறியாமல் ஒரு சிறு உறையிலிட்டுச் சட்டத்தின் பின்பக்கம் செருகியிருக்கிறார். பதக்கங்களைப் பசையால் ஒட்டவில்லை, நூலால் தைத்திருக்கிறார். பின்பலகைக்குச் சாதாரண அட்டைக்குப் பதிலாக அமிலமற்ற அட்டை, இரும்பாணிக்குப் பதிலாக எவர்சில்வர் திருகு, கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவே விரற்கடை இடைவெளி, மூலையில் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் என்று கடற்கரை வீட்டுக்கு வேண்டியதையெல்லாம் யோசித்துச் செய்திருக்கிறார்.

மூன்றாவது வேலையான நினைவு மலரில்தான் நிறையும் குறையும் கலந்திருக்கின்றன. எழுத்து முழுவதும் எங்கள் குடும்பத்தாருடையது. அச்சும் பக்க அமைப்பும் கடையினுடையவை. அய்யா போரைப் பற்றி அதிகம் பேசியவர் அல்லர். 1971 டிசம்பரில் பாகிஸ்தானின் ஷகர்கர் பகுதியில், பசந்தர் ஆற்றுக்கு அருகே கண்ணிவெடி அகற்றும் வேலையில் இருந்ததாக மட்டும் சொல்வார். டிசம்பர் 15ஆம் தேதி இரவு நமது காலாட்படை அந்த ஆற்றைக் கடந்து அக்கரையில் இடம் பிடித்தது; டாங்குகள் அங்கே போய்ச்சேர வேண்டுமென்றால் பரந்த கண்ணிவெடி வயலுக்குள் பாதை திறந்தாக வேண்டும். பொறியாளர்கள் பாதி வேலையில் இருக்கும்போதே அக்கரையில் பகைவரின் டாங்குகள் நடமாடுவது தெரியவந்ததால், பூனா ஹார்ஸ் டாங்குப் படை முழுப் பாதைக்குக் காத்திராமல் வெடிகளுக்கிடையே புகுந்து சென்றது. மறுநாள் அங்கே நடந்த டாங்குச் சண்டையில் வீரமரணமடைந்த அருண் கேத்தர்பாலுக்குப் பரம்வீர் சக்ரா வழங்கப்பட்டதைப் பள்ளிப் பிள்ளைகள்கூடப் படித்திருப்பார்கள். அவருக்கு முன்னால் மண்ணைக் குத்திக் குத்திப் பார்த்து வெள்ளை நாடா கட்டிக்கொண்டு போனவர்களைப் பற்றி அதிகம் எழுதப்படவில்லை. எங்கள் அய்யா அவர்களில் ஒருவர்.

வெடியில்லாத தடத்தில் மட்டுமே கால் வைக்கும் அந்தப் பழக்கம் அவரை விட்டுக் கடைசிவரை போகவில்லை. கடற்கரை மணலில் நடக்கும்போதும், முன்னால் யாராவது நடந்துபோன தடம் இருந்தால் அதன் மேல்தான் கால் வைப்பார். எங்களுக்கு அது விளையாட்டாகத் தெரிந்தது. நாங்கள் வேண்டுமென்றே வளைந்து வளைந்து தடம் பதித்துவிட்டு ஓடுவோம், அவரும் வளைந்து வளைந்தே வருவார். படையிலிருந்து வந்த பிறகு இராமநாதபுரத்தில் ஒரு வங்கியில் காவலராக இருந்தார். ஆள் சேர்ப்புக்குப் போகும் ஊர்ப் பையன்களை விடியற்காலையில் எழுப்பி ஓடவிடுவது, இராணுவக் கேண்டீனில் வாங்கும் மதுப்புட்டிகளைத் தாம் தொடாமல் உறவுக்காரர்களுக்குப் பங்கிட்டுக் கொடுப்பது (இதனால் அவருக்கு உறவுக்காரர்கள் குறைந்ததே இல்லை), சுதந்திர தினத்தில் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கொடிக்கு முடிச்சுப் போடுவது என்று அவருக்கென்று சில பொறுப்புகள் இருந்தன. ஊரில் எவருக்கும் அவர் பெயர் தேவைப்படவில்லை. பட்டாளத்தார் என்றாலே அவர்தான்.

இவற்றையெல்லாம் எழுதிக் கொடுத்தபோது, கடையில் பக்கம் அமைக்கும் இளைஞர் வெறுமனே தட்டச்சு செய்யாமல் ஆண்டுகளை டிஸ்சார்ஜ் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார். தனுஷ்கோடியைப் புயல் அழித்தபோது அய்யா பாகிஸ்தான் போரில் இருந்தார் என்று உறவினர் ஒருவர் எழுதியிருந்ததைச் சுட்டிக்காட்டி, புயல் 1964 டிசம்பரில் வந்தது, போர் 1965இல் நடந்தது என்று திருத்தச் சொன்னவரும் அவரே. அதே நேரத்தில், இவ்வளவு கவனமாக ஆண்டுகளைப் பார்த்த கடையில் ஒற்றுப்பிழைகளை எவரும் பார்க்கவில்லை. கடைசிப் பக்கத்தில் பேரன் பேத்திகளின் பெயர்ப் பட்டியலில் ஒரு பெயர் விடுபட்டுவிட்டது. அந்தப் பேத்திக்கு ஆறு வயது என்பதால் சமாதானப்படுத்துவது எளிதாக இல்லை. பளபளப்பான தாளில் அச்சிட்டதால் வெளிச்சத்தில் பக்கங்களைச் சாய்த்துச் சாய்த்துப் படிக்க வேண்டியிருக்கிறது. வயதானவர்கள் படிக்கும் மலருக்கு மங்கலான தாளே ஏற்றது. கேட்டு வாங்குங்கள், அவர்களாகச் சொல்வதில்லை.

தாமதம் மற்றொரு குறை. சொன்ன தேதிக்கு எதுவும் வரவில்லை. படமும் பதக்கச் சட்டமும் ஓரளவு முன்னதாகக் கிடைத்தாலும், மலர் திதிக்கு முந்தைய நாள் இரவுதான் கைக்கு வந்தது. மறுநாள் விடியற்காலையில் தேவிபட்டினம் நவபாஷாணத்தில் கடலுக்குள் இறங்கித் தர்ப்பணம் கொடுக்க வேண்டிய குடும்பம், முந்தைய இரவு பத்து மணிக்கு அச்சு மை உலராத புத்தகங்களைக் கட்டுக் கட்டாக எண்ணிக்கொண்டிருந்தது. தொலைபேசியில் அழைத்தால் பெரும்பாலும் எடுப்பதில்லை. நேரில் போனால் முகம் கோணாமல் பேசுகிறார்கள். கடைக்கு ஏறும் படிகள் குறுகலும் செங்குத்துமாக இருப்பதால் அப்பத்தாவைப் போன்றவர்களை அழைத்துப்போவது சிரமம், கைப்பிடியும் கிடையாது.

கட்டணத்தைப் பொறுத்தவரை, படச் சீரமைப்புக்கு 1,800 ரூபாயும், தேக்குச் சட்டத்தோடு பதக்கம் அமைத்ததற்கு நாடாக்கள் உட்பட 4,500 ரூபாயும், 24 பக்க மலருக்குப் படி ஒன்றுக்கு 60 ரூபாயும் வாங்கினார்கள். மலரின் விலை மற்ற அச்சகங்களோடு ஒத்ததே. சட்டத்தின் விலை கூடுதல் என்று முதலில் தோன்றினாலும், உள்ளே போட்டிருக்கும் பொருள்களைப் பார்த்த பிறகு குறை சொல்ல முடியவில்லை. சீரமைப்புக்கு இன்னும் அதிகமாகவே கேட்டிருக்கலாம். மூலப் படத்தையும், திருத்தாத கணினிக் கோப்பையும், திருத்திய கோப்பையும் மூன்றையும் கேட்காமலே ஒப்படைத்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

பதினாறாம் நாளுக்குள் பெரிய வண்ணப் படம் வேண்டும் என்பவர்களுக்கு இந்தக் கடை பொருந்தாது. அதற்குப் பேருந்து நிலையத்தைச் சுற்றிலும் பிளக்ஸ் அடிப்பவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் வேலையும் அதற்குப் போதுமானதே. ஆண்டு நினைவுக்கோ, நூற்றாண்டுக்கோ, வீட்டில் நிலையாக வைப்பதற்கோ செய்கிறவர்கள் மூன்று மாதம் முன்னதாகக் கொடுத்துவிடுவது நல்லது. மலரை மட்டும் வேறு அச்சகத்தில் கொடுத்து, படத்தையும் பதக்கங்களையும் இவர்களிடம் கொடுக்கலாம் என்பதே என் கருத்து. போகும்போது டிஸ்சார்ஜ் புத்தகத்தின் நகலையும் அதே காலத்துக் குழுப் படம் இருந்தால் அதையும் எடுத்துச் செல்லுங்கள். படம் கண்ணாடியில் ஒட்டியிருந்தால் வீட்டில் பிரித்துப் பார்க்காமல், தூசியைக்கூடத் துடைக்காமல், சட்டத்தோடு அப்படியே ஒரு போர்வையில் சுற்றிக் கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள்.